நான்காம் முறை பிழைத்த உளுவைக் குஞ்சுகள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் ஓரமாக டார்ச் அடித்து எண்ணியபோது 23 குஞ்சுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். உடலில் மஞ்சளும் கருப்புமாகப் பட்டைகள் தெளியத் தொடங்கியிருந்தன. எல்லாமே தொட்டியின் சுவரில் வயிற்றை ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. மூன்று முறை முட்டையிட்டும் ஒரு குஞ்சுகூடத் தேறாத நிலையில், நான்காம் முறைதான் இந்த எண்ணிக்கை வாய்த்தது. எங்கெங்கே தவறினேன் என்பது நினைவில் இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும் என்று இதைத் தொடங்குகிறேன்.

மீனைப் பற்றி முதலில் இரண்டு வரி. கடைகளில் பம்பிள்பீ கோபி என்று விற்கப்படும் இது உளுவை இனத்தைச் சேர்ந்த சிறு மீன். முழு வளர்ச்சியில் 4 சென்டிமீட்டரை எட்டுவதே அரிது. பழவேற்காட்டிலும் நம் ஆறுகளிலும் பிடித்துக் குழம்பு வைக்கும் உளுவை ஒரு சாணுக்கு மேல் வளர்வது. இது அதன் சுண்டுவிரல் அளவு உறவு. தென்கிழக்காசியாவின் கழிமுகங்களும் அலையாத்திக் காடுகளும் அதையொட்டிய மெல்லோட்ட நீர்நிலைகளும் இதன் இருப்பிடம். கங்கை முகத்துவாரப் பகுதியில் வாழும் இதே பேரினத்து மீன் ஒன்றை இயற்கையியலாளர் ஹாமில்டன் 1822-இலேயே விவரித்திருக்கிறார். கடைக்கு வருபவற்றில் இரண்டு மூன்று இனங்கள் கலந்திருக்கும். பட்டைகளை மட்டும் பார்த்துப் பிரித்தறிவது எளிதன்று. வயிற்றுப்புறத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாக இணைந்து ஓர் உறிஞ்சு கிண்ணம்போல் ஆகியிருப்பதால்தான் இவை கண்ணாடியிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

சென்ற ஆண்டு தை மாதம் கொளத்தூர் வண்ணமீன் கடை ஒன்றில் 12 மீன்கள் வாங்கினேன். ஒன்று 70 ரூபாய் வீதம் 840 ரூபாய் ஆயிற்று. கடையில் அவற்றை நல்ல தண்ணீரில்தான் வைத்திருந்தார்கள். உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டதற்கு, "ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுங்க சார், போதும்" என்றார் கடைக்காரர். நானும் அப்படியே போட்டேன். கல்லுப்பில் சோடியம் குளோரைடைத் தவிர மற்றவை மிகக் குறைவு என்பதும், இவற்றுக்குக் கடல்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த உப்பே பொருத்தம் என்பதும் பிறகுதான் உறைத்தது. பாக்கெட்டில் வரும் கடல் உப்புக் கலவை 2 கிலோவுக்கு 700 ரூபாய் கொடுத்தேன். அதில் பாதி இன்னும் மீதம் இருக்கிறது.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணலும் காற்றிடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். கண்ணாடி வெட்டி ஒட்டித் தர 1,400 ரூபாய், ஸ்பாஞ்ச் ஃபில்டர் 180, ஏர் பம்ப் 650, குழாயும் வால்வும் 120. அடியில் ஆற்றுமணல் இரண்டு விரற்கடை. அதன்மேல் சுண்ணாம்புக்காக விற்கும் கிளிஞ்சல் 2 கிலோவைக் கழுவிப் பரப்பினேன். 60 ரூபாய்க்கு வாங்கிய அந்தக் கிளிஞ்சல்தான் தண்ணீரின் அமில-கார அளவை (pH) 8-க்கு அருகிலேயே இன்றுவரை பிடித்து வைத்திருக்கிறது. மெட்ரோ தண்ணீரை ஒரு நாள் காற்றூதி வைத்து, குளோரின் போக்கச் சிறிது தயோசல்பேட் சேர்த்துப் பயன்படுத்தினேன். எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் உப்புகள் என்னென்ன என்று தெரியாததால் அதைத் தொடவில்லை.

இங்கே முதல் அவசரம். ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகி அது பழகுவதற்குக் குறைந்தது நான்கு வாரம் விட வேண்டும். நான் ஒன்பதாம் நாளே மீனை விட்டேன். அதோடு இவை காய்ந்த உணவை ஏறிட்டும் பார்ப்பதில்லை என்பது தெரியாமல் பத்து நாள் தூளும் துகளுமாகப் போட்டு வந்தேன். தின்னாத உணவு அழுகி, தண்ணீர் கெட்டு, முதல் மாதத்திலேயே வயிறு ஒட்டிப்போன மூன்று மீன்கள் இறந்தன. மொய்னா என்னும் நன்னீர்ச் சிற்றுயிரியை உயிருடனும், ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலை முட்டையிலிருந்து பொரித்தும் கொடுக்கத் தொடங்கிய அன்றே மற்ற ஒன்பதும் பாய்ந்து தின்றன. அசைவதைத்தான் இவை இரை என்று கொள்கின்றன. மொய்னா உவர்நீரில் நெடுநேரம் பிழைக்காது என்பதால், அரைமணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவையே கொடுக்க வேண்டும்.

அடுத்தது உப்பை அளக்கும் சிக்கல். 450 ரூபாய்க்கு வாங்கிய, நீரின் ஒப்படர்த்தியைக் காட்டும் ஊசி ஆடும் வகை ஹைட்ரோமீட்டர் 1.005 என்று காட்டியது. அதை நம்பி ஒரு மாதம் ஓட்டினேன். பிறகு 1,900 ரூபாய் போட்டு, ஒளிவிலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, காய்ச்சி வடித்த நீரால் அதைச் சுழியத்தில் நிறுத்தி, தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், ஆயிரத்துக்கு 3 பங்கு உப்புதான் இருந்தது. 1.005 என்றால் 7-க்கு அருகில் இருந்திருக்க வேண்டும். ஹைட்ரோமீட்டர் ஊசியில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழ்கள் ஒட்டி அதை மேலே தூக்கியிருக்கின்றன. தட்டிக் குமிழ்களை உதிர்த்த பிறகும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண்ணைத்தான் காட்டியது. உவர்நீர் போன்ற குறைந்த அளவுகளுக்கு அந்தக் கருவி ஆகாது; அந்த 450 ரூபாய் வீண்செலவு.

45 லிட்டரை 7-க்குக் கொண்டுவரக் கணக்குப்படி 315 கிராம் வேண்டும். உப்புக் கலவை ஈரம் உறிஞ்சியிருக்கும் என்பதால், வெறும் தண்ணீரில் தொடங்குவதானால் 350 கிராம் வரை பிடிக்கும். எனக்கு வேண்டியிருந்தது மீதி 4 பங்குதான். 200 கிராமை எடைபோட்டு எடுத்து, ஐந்தாகப் பிரித்து, நாளுக்கு ஒரு பங்காகத் தனி வாளியில் கரைத்துச் சேர்த்தேன். அதன்பிறகு தொட்டி நிலைப்பட்டது.

ஆனால் சித்திரை வெயில் வந்தது. தண்ணீர் 32 டிகிரியைத் தொட்டபோது தொட்டிமேல் ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். இரண்டு டிகிரி குறைந்தது. கூடவே நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியானது. குறைந்த அளவை ஈடுகட்ட, ஏற்கெனவே கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரையே நாள்தோறும் ஊற்றி வந்தேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது என்பது பள்ளிப் பாடம். கை அதை மறந்துவிட்டது. 21 நாளில் சுமார் 150 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்ந்து, அளந்தபோது 10-ஐத் தாண்டியிருந்தது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் குழாய்களை விட்டு வெளியே வராமல் நிறம் வெளுத்துக் கிடந்தன. அன்றிலிருந்து கண்ணாடியில் ஒரு கோடு கிழித்து, நல்ல தண்ணீரை மட்டுமே அதுவரை ஊற்றி நிரப்புகிறேன்.

மறைவிடங்களாக அரையங்குலக் குழாயை 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒருமுனையை மூடி, எட்டுத் துண்டுகள் போட்டிருந்தேன். ஆண்கள் ஆளுக்கொரு குழாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் சண்டை போட்டன. ஆண் எது பெண் எது என்பதை நிறத்தால் சொல்வது கடினம். வயிற்றின் கீழ் ஆசனவாய்க்குப் பின்னால் உள்ள சிறு முளை ஆணுக்குக் கூராகவும் பெண்ணுக்கு மழுங்கி அகன்றும் இருக்கும். மீன் கண்ணாடியில் ஒட்டி நிற்கும்போது, 150 ரூபாய்க்கு வாங்கிய நகைக்கடை லென்ஸ் வழியாகப் பார்த்துத்தான் என்னிடம் நான்கு ஆணும் ஐந்து பெண்ணும் இருப்பதை உறுதி செய்தேன். ஆனி, ஆடி, ஆவணி என்று மாதங்கள் போயின. பெண்களின் வயிறு பருத்தது, வற்றியது. முட்டை மட்டும் இல்லை.

முட்டை வந்தது ஒரு தற்செயலால். ஐப்பசியில் அடைமழை பெய்த ஒருநாள் மின்சாரம் போய், குடிநீரும் வராமல், தொட்டித் தண்ணீரை மாற்ற வேறு வழியில்லாதபோது, மொட்டைமாடியில் முதல் அரைமணி மழையை ஓடவிட்டுப் பிறகு வாளியில் பிடித்த 15 லிட்டர் மழைநீரை உப்பு சேர்க்காமலே மாற்றி ஊற்றினேன். "மழைத்தண்ணி பட்டா மீனுக்குச் சளி பிடிக்காதாப்பா?" என்று அம்மா வாசலில் நின்று கேட்டார். உப்பளவு 7-இலிருந்து 5-க்குச் சற்றுக் கீழே இறங்கியது. வெப்பம் 28-இலிருந்து 26 ஆனது. மூன்றாம் நாள் காலை ஒரு ஆண் உணவுக்கு வெளியே வரவில்லை. டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தால், மேல்சுவர் முழுக்கக் கண்ணாடி மணிகளைப்போல் முட்டைகள் தொங்கின. ஒரு முனை சுவரில் ஒட்டியிருக்க, நீள்வட்டமாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு. கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணியதில் 90-க்கு அருகில் வந்தது. கழிமுகத்தில் வாழும் மீனுக்கு மழைக்காலம் என்பது உப்பு குறையும் காலம் என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்கலாம். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் உப்பை 7-இலிருந்து 5-க்கு இறக்கியே முட்டையிட வைத்தேன். மழைநீர் ஊற்றிய முதல் முறையையும் சேர்த்து நான்கு முறையும் ஒரு வாரத்துக்குள் பலித்தது.

முதல் முறை செய்த தவறு ஆணை நம்பாதது. மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும் என்ற பயத்தில் குழாயை மட்டும் எடுத்து, பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் நீலம் கலந்த ஒரு ஜாடியில் போட்டு, பக்கத்தில் காற்றுக்கல்லை வைத்தேன். மூன்றாம் நாள் முட்டைகளின் மேல் பஞ்சுபோல் பூஞ்சை. ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் கொட்டினேன். குழாய்க்குள் ஆண் தலைகீழாக ஒட்டிக்கொண்டு மார்புத் துடுப்புகளை ஓயாமல் அசைத்து விசிறுவதையும், வெளுத்த முட்டையை வாயால் பொறுக்கி எடுத்துத் தின்பதையும் அடுத்த முறை பார்த்த பிறகுதான், ஜாடியில் அதற்கு ஈடான எதையும் நான் வைக்கவில்லை என்பது புரிந்தது.

இரண்டாம் முறை குழாயைத் தொடவே இல்லை. நான்காம் நாள் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் தெரிந்தன. ஏழாம் நாள் மாலை அவை வெள்ளிபோல் மின்னத் தொடங்கியதும், குழாயின் வாயை விரலால் அடைத்து, ஆணையும் சேர்த்தே தூக்கி, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய 12 லிட்டர் கருப்பு வட்டத் தொட்டியில் வைத்தேன். இரவில் பொரித்தன. காலையில் ஆணைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். குஞ்சுகள் 3 மில்லிமீட்டர் இருக்கும். பெரிய மீன்களைப்போல் அடியில் ஒட்டாமல், நடுநீரில் மிதந்து, வெளிச்சத்தை நோக்கித் திரண்டன.

அன்று மாலையே புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவைக் கொடுத்தேன்; 50 கிராம் முட்டைக்கு 600 ரூபாய் ஆகியிருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தபோது குஞ்சு உடலை வளைத்துக் குறிபார்த்து, பாய்ந்து, வாய் இரையில் முட்டியதும் திரும்பிக்கொண்டது. மறுபடி பாய்ந்தது, மறுபடி திரும்பியது. ஆர்ட்டீமியாக் குஞ்சு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இவற்றின் வாய்க்குள் அது நுழையவே இல்லை. ஒரு வயிற்றிலும் ஆரஞ்சு நிறம் இல்லை. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வடித்துக் கொடுத்ததில் தண்ணீர் நாறியதுதான் மிச்சம். ஐந்தாம் நாளுக்குள் ஏறக்குறைய எல்லாம் போயின. இரண்டு மட்டும் எட்டாம் நாள் வரை இருந்தன. அதுவரை உப்பைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, சிக்கல் வாயின் அளவில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் முறை சிறிய இரையைத் தேடி முட்டுக்காடு கழிமுகத்துக்குப் போனேன். பாரிமுனையில் ஸ்கிரீன் பிரிண்டிங் பொருள்கள் விற்கும் கடையில், சென்டிமீட்டருக்கு 120 இழை உள்ள வலைத்துணி அரை மீட்டர் 250 ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் கண் ஒன்று ஏறத்தாழ 50 மைக்ரான். அந்தத் துணியில் முப்பது வாளித் தண்ணீரை வடித்து, தேங்கியதை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தேன். அந்த நீரின் உப்பளவு 18. குஞ்சுகள் தின்றன, அதில் ஐயமில்லை. வயிறு பழுப்பாக நிறைந்தது. ஆனால் நுண்ணிய இரையோடு பெரிய துள்ளுப்பூச்சிகளும் (கோபிபாட் என்னும் சிறு ஓட்டுயிரிகள்) வந்திருந்தன. கண்ணுக்கு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்த அவை நான்காம் நாள் இரவு குஞ்சுகளின் வாலைப் பற்றிக் கடித்துக்கொண்டிருந்தன. பெரிய கண்ணுள்ள துணியில் முதலில் வடித்துப் பெரியவற்றைக் கழித்துவிட்டு, கீழே இறங்கியதை மட்டும் எடுத்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் கடைசி நான்கும் போயின.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் மீனை விட்டுவிட்டு, ஆர்ட்டீமியாவைவிடச் சிறிய நுண்ணுயிரியான ரோட்டிஃபர் மட்டும் வளர்த்தேன். மரக்காணம் பக்கம் இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் ஒரு லிட்டர் ரோட்டிஃபரும் அதற்கு உணவாக நுண்பாசி நிறைந்த பச்சைநீர் இரண்டு லிட்டரும் கொடுத்தனுப்பினார். 20 லிட்டர் குடிநீர் கேனின் கழுத்தை வெட்டி, உப்பளவு 20-இல் வைத்து, பச்சைநீரை நாள்தோறும் ஊற்றி வந்தேன். பச்சைநீர் போதாத ஒரு வாரம், ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டை அரைத் தேக்கரண்டி கரைத்துக் கொட்டினேன். பத்து லட்சம் ரோட்டிஃபருக்கு நாளுக்கு ஒரு கிராம் என்பது பண்ணைக் கணக்கு. என் கேனில் அப்போது அதில் பாதிகூட இல்லை. மறுநாள் காலை நுரை பொங்கி, அழுகல் நாற்றம் அடித்து, உயிரென்று ஒன்றும் இல்லை. முன்னெச்சரிக்கையாகத் தனியே ஒரு பாட்டிலில் எடுத்து வைத்திருந்த கால் லிட்டர்தான் காப்பாற்றியது. தொட்டிகளுக்கும் கேனுக்கும் சேர்த்து 300 ரூபாய் ஆயிற்று.

இன்னொரு விஷயத்தையும் தற்செயலாகக் கண்டேன். 20 உப்பளவில் வளர்ந்த ரோட்டிஃபரை நேராக 5-இல் விட்டால், அதிர்ச்சியில் நீந்துவதை நிறுத்தி அடியில் படிந்துவிடுகிறது. அசையாததைக் குஞ்சு தின்பதில்லை. எனவே ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கேனின் உப்பை 10-க்கு இறக்கினேன். அதன்பிறகு வடித்து எடுத்து விட்டவை உடனே சுழன்று நீந்தின. ஒரு மில்லிலிட்டரைச் சொட்டுக்குழாயில் எடுத்து, கருப்புத் தாளின் முன் பிடித்து, லென்ஸால் எண்ணுவது பழகிவிட்டது. 60-இலிருந்து 80 வரை இருந்தால் கேன் நலமாக இருக்கிறது என்று பொருள்.

நான்காம் முறை பங்குனிக் கடைசியில். முட்டைகள் ஏழாம் நாள் இரவு பொரித்தன. ஏறத்தாழ 70 குஞ்சுகள். வட்டத் தொட்டியில் பச்சைநீர் கலந்து, மில்லிலிட்டருக்கு 5-இலிருந்து 10 ரோட்டிஃபர் இருக்குமாறு காலையும் மாலையும் எண்ணிச் சேர்த்தேன். காற்றுக்கல் போடாமல் வெறும் குழாயை விட்டு, நொடிக்கு ஒரு குமிழ் வருமாறு வால்வை இறுக்கினேன். 5 வாட் விளக்கு நாளுக்கு 16 மணி நேரம். முனையில் வலைத்துணி கட்டிய குழாயால் நாள்தோறும் ஒரு லிட்டரை உறிஞ்சி எடுத்து, அதே உப்பளவுள்ள ஒரு லிட்டரைச் சொட்டுச்சொட்டாக விட்டேன். முதல் நான்கு நாளில் இருபது வரை இறந்தன. பிறகு இறப்பு குறைந்தது. ஒன்பதாம் நாள் மிகச் சிறிதளவு ஆர்ட்டீமியாவைக் கலந்து கொடுத்தேன். பத்தாம் நாள் காலை, மிதந்துகொண்டிருந்தவற்றில் பாதிக்கு மேல் வயிறு ஊசிமுனை அளவு ஆரஞ்சுப் பொட்டாகத் தெரிந்தது. அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன்.

பதினான்காம் நாள் ரோட்டிஃபரை நிறுத்தினேன். 24-ஆம் நாள் ஒன்று சுவரில் ஒட்டியது. அதன் முதுகில் நிழல்போல் இரண்டு பட்டைகள். 32-ஆம் நாள் மிதப்பது ஒன்றும் இல்லை.

மேலே சொன்ன எல்லாவற்றையும் கூட்டினால் 7,600 ரூபாய் வருகிறது. மின்சாரமும் முட்டுக்காட்டுக்குப் போன பெட்ரோலும் இதில் இல்லை. 23-ஆல் வகுத்தால் குஞ்சு ஒன்று 330 ரூபாய். கடையில் வளர்ந்த மீனே 70 ரூபாய்தான் என்று வீட்டில் நினைவுபடுத்தினார்கள்.

மறுபடி தொடங்குவதானால் மீன் வாங்குவதற்கு முன்பே ரோட்டிஃபர் கேன்களை, ஒன்றல்ல, இரண்டாக, வெவ்வேறு அறைகளில் வைத்து ஓடவிடுவேன். ஹைட்ரோமீட்டரை வாங்க மாட்டேன். குழாய்களைச் சிறிது சாய்த்து ஒட்டி வைத்தால், உள்ளே பார்க்க டார்ச்சோடு தரையில் படுக்க வேண்டியிருக்காது. முதல் நான்கு நாளில் இறந்த இருபதும் விளக்கு அணைந்திருந்த எட்டு மணி நேரத்தில் பட்டினி கிடந்தவையோ என்று ஓர் ஐயம் இருக்கிறது; அதனால் அடுத்த முறை முதல் வாரம் முழுக்க மங்கலான விளக்கை அணைக்காமல் வைத்துப் பார்க்கப் போகிறேன். பெரிய தொட்டியின் உப்பளவை நேற்று 7-இலிருந்து 5-க்கு இறக்கியாயிற்று. இன்று காலை மூலைக் குழாயின் வாசலில் ஒரு ஆண் வேறொன்றை விரட்டிக்கொண்டிருந்தது.